ஈயக் கம்பெனி சிஸ்டர்

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் லாரி பதினொரு மணிக்குத்தான் வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். ஒருத்திக்கு ஆறு குடம் எதற்கு? இரண்டைப் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்துவிட்டேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன். வழியில் பழக்கடை காளிமுத்து, 58. தராசில் கொய்யா வைக்கும்போது கை நடுங்குகிறது. ஆட்டோ ஸ்டாண்டில் சடையாண்டி, 49. இப்படி எண் போட்டு எழுதும் பழக்கத்தை விட வேண்டும்.

சாயங்காலம் ஆறரைக்குப் பஞ்சவர்ணம் சீரியல் பார்க்க வந்தாள். ஊரில் படம் எடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றாள்.

"சினிமாவா?"

"இல்ல சிஸ்டர், டாக்குமெண்டரியாம். நம்ம ஈயக் கம்பெனியப் பத்தி. யாரு யாருக்கு என்ன சீக்கு வந்துச்சுன்னு வீடு வீடாக் கேக்குறாங்க. ஒரு பொம்பளப் புள்ளதான் எல்லாத்துக்கும் தலைவி."

கம்பெனி மூடி எட்டு வருடமாகிறது, இப்போது கேட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்றேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஜூன் 5, புதன்

அந்தப் பெண் என் வீட்டுக்கும் வந்துவிட்டாள். பெயர் ஷமீரா. முப்பது வயதிருக்கும். கூட கேமராப் பையோடு எட்வின் என்று ஒருவர். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"நீங்கதானே ரெஜினா சிஸ்டர்? கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல பதினாலு வருஷம் இருந்தவங்க?"

"ஆமாம்மா. தலைவலின்னா மாத்திரை கொடுப்பேன். கையில வெட்டுன்னா கட்டுப் போடுவேன். அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் ரத்தம் எடுத்ததும் நீங்கதான்னு சொன்னாங்க."

"எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்."

"ரிசல்ட் பாத்திருக்கீங்களா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. திரும்பி எட்டிப் பார்த்தபோது போன் நம்பரை ஒரு தாளில் எழுதி ஜன்னல் கம்பியில் செருகிக்கொண்டிருந்தாள். "பேசலைன்னாலும் பரவால்ல சிஸ்டர். இன்னும் மூணு வாரம் இங்கதான் இருப்போம்" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 6, வியாழன்

அந்தப் பெண்ணுக்கு ஒரு டீயாவது கொடுத்திருக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பும்போது பைபாஸ் வழியாக நடந்து வந்தேன். கம்பெனி ஷெட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற வேலைதான் மறுபடியும், பெயர் மட்டும் வேறாம். உலையின் புகைக்கூண்டுக்குப் புது பெயின்ட், நல்ல பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது.

மத்தியானத்துக்கு ரசம் மட்டும். ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்கு அதையே தின்ன வேண்டியிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

கம்பெனியின் பழைய பர்சனல் ஆபீசர் போன் செய்தார். எட்டு வருடமாக இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத மனிதர். நலம் விசாரித்தார், மழை இல்லை என்றார், பிறகு சொன்னார்: "யாரோ கேமரா தூக்கிட்டு அலையுறாங்களாம். நீங்க விவரமானவங்க. இந்த வயசுல கோர்ட்டு கேஸுன்னு அலைய முடியுமா சிஸ்டர்? சீட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானே, டாக்டரோடது இல்லையே."

போனை வைத்த பிறகு ஜன்னல் கம்பியிலிருந்த தாளை எடுத்துப் பீரோவில் வைத்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

பஞ்சவர்ணம் இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. புதுக் கம்பெனியில் கூட்டிப் பெருக்க ஆள் எடுக்கிறார்களாம், பத்துப் பெண்கள். விண்ணப்பம் வாங்கி வந்திருந்தாள். இங்கிலீஷில் இருக்கிறது, நான்தான் நிரப்பித் தர வேண்டுமாம்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? வீடு இருக்கு, விதவைப் பென்ஷன் வருது."

"வீடு இருக்கு சிஸ்டர், வீட்டுக்குள்ள யாரு இருக்கா? காலைல எந்திரிச்சா உங்க வீட்டு டிவி எப்ப போடுவீங்கன்னு பாத்துக்கிட்டே கெடக்கேன். அங்கன போனா நாலு பொம்பளைக கூடப் பேசிக்கிட்டு இருக்கலாம்ல."

"உலைப் பக்கம் தூசி..."

"தூசி என்ன எனக்குப் புதுசா? அவரு சட்டைய ஊறப் போட்டா வாளித் தண்ணி சாம்பக் கலராயிரும். பத்து வருசம் அந்தத் தண்ணிலதான கை வச்சேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் என்றால் அவள் கணவர் சன்னாசி. உலையில் வேலை. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டது என்றார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். குழந்தை இல்லை. அவர் போன பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் சாயங்காலங்களில் இங்கே வர ஆரம்பித்தாள். ஒரு நாள் கூட விட்டதில்லை.

கண்ணாடி உடைந்துவிட்டது, நாளை நிரப்பித் தருகிறேன் என்றேன். அப்போது கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

காலையிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நூற்று இருபது பேருக்கு ரத்தம் எடுப்பேன். சென்னை லேபுக்கு அனுப்புவோம். பத்து நாளில் கவர் வரும். பிரிப்பது நான். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று ஓர் எண் இருக்கும். அறுபதைத் தாண்டியவனை உலைப் பக்கமே விடக் கூடாது என்று கம்பெனியின் சொந்த விதிப் புத்தகத்தில் அச்சடித்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டினாலே அவனிடம் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

கம்பெனி டாக்டர் வியாழக்கிழமை வருவார். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பார். "எல்லாருக்கும் நார்மல்னு சீட்டுப் போட்டுருங்க சிஸ்டர்" என்பார். பட்டியல் மேனேஜர் அறைக்குப் போய்விடும். நான் உட்கார்ந்து நூற்று இருபது சீட்டு எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அந்த ஆட்களே சொல்வார்கள். சிலர் அந்தச் சீட்டை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

பட்டியல் போய்விட்டாலும் எண்கள் என்னை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஆளின் பெயரோடும் ஒட்டிக்கொண்டன. இன்றும் தெருவில் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் எண்தான் வருகிறது.

ஒரே ஒரு தடவை டாக்டரிடம் கேட்டேன். "இவரு ரொம்ப மேல இருக்காரு சார், வேற செக்ஷனுக்கு மாத்தச் சொல்லலாமா?" அவர் பேனாவை மூடிக்கொண்டே, "உங்களுக்கு வேற செக்ஷன் வேணுமா சிஸ்டர்?" என்றார். அதோடு சரி. எனக்கும் அப்போது ஊரில் தாய் படுக்கையில் கிடந்தாள். நான் விட்டால் வேறு ஒருத்தி வந்து அதே சீட்டை எழுதியிருப்பாள். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் கேட்டது சன்னாசிக்காக. அந்தப் பட்டியலில் அவருக்கு 71.

பஞ்சவர்ணம் அந்தக் காலத்தில் மூன்று தடவை என் அறைக்கு வந்திருக்கிறாள், வயிற்றில் தங்கவில்லை என்று. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். அது வேறு விஷயம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்டாள். கண்ணாடிக் கடை லீவு என்றேன்.

ஜூன் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முருங்கைக் கீரையும் குண்டானுமாக வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள். நான் டிவியை நிறுத்தினேன். கரண்டு போய்விட்டதா என்று விசிறியைப் பார்த்தாள்.

"பஞ்சவர்ணம், நீ அந்த வேலைக்குப் போகக் கூடாது."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சன்னாசிக்கு வந்தது சர்க்கரையால இல்ல. ஈயத்தால. ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போயிருச்சு. டெஸ்ட்டுல தெரிஞ்சுது."

கீரை உருவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "எந்த டெஸ்ட்டுல?"

"நான் எடுத்ததுல."

"நீங்க நார்மல்னுல எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

அப்போதுதான் கை நின்றது. "எத்தன இருந்துச்சு?"

"எழுபத்தொண்ணு."

"எத்தன இருக்கணும்?"

"இருக்கவே கூடாது. அறுபதுக்கு மேலன்னா அன்னைக்கே உலைய விட்டு மாத்தணும்."

"எப்பத் தெரியும்?"

"அவர் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். டாக்டர் சொன்னது, வேலை போய்விடும் என்ற பயம், தாய் படுக்கையில் கிடந்தது, எல்லாம். அவள் மடியில் கிடந்த காம்புகளை உதறிவிட்டு எழுந்தாள். உருவாத கீரையையும் குண்டானையும் அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக் கூடப் போடாமல், கையில் தூக்கிக்கொண்டு போனாள்.

மிச்சக் கீரையை நானே உருவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

வரவில்லை. கீரை வாடிவிட்டது.

ஜூன் 19, புதன்

குண்டானைத் துலக்கி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் பார்த்தபோது இல்லை. எடுத்துக்கொண்டாள் போல.

ஜூன் 21, வெள்ளி

ஆறரைக்கு டிவி போட்டேன். கதையில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. இத்தனை நாளும் அவள் சொல்லிச் சொல்லித்தான் புரிந்துகொண்டிருந்திருக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது.

பீரோவிலிருந்த தாளை எடுத்து ஷமீராவுக்குப் போன் செய்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஷமீராவும் எட்வினும் ஒன்பது மணிக்கு வந்தார்கள். எட்வின் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். சட்டையில் ஒரு மைக் குத்தினார்கள். முகம் தெரிய வேண்டாம் என்றால் நிழலாகக் காட்டலாம், குரலையும் மாற்றலாம் என்றாள் ஷமீரா.

"தெரியட்டும். பேர் என்ன, எங்க வேலை பாத்தேன், எல்லாம் சொல்றேன்."

சொன்னேன். இரண்டு மணி நேரம். எண்களைச் சொல்லச் சொன்னாள். நூற்று இருபதில் தொண்ணூற்று மூன்று பேரின் எண் நினைவிருந்தது. அதில் முப்பத்தோரு பேர் உயிரோடு இல்லை. அந்த முப்பத்தொன்றைச் சொல்லும்போது எட்வின் கேமராவை விட்டுத் தலையை எடுத்து என்னை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?" என்று கடைசியில் ஷமீரா கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

இந்தத் தடவை டீ கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

காய்ச்சல். கஞ்சி.

ஜூலை 4, வியாழன்

காய்ச்சல் விட்டது. நான்கு நாளில் என் வாயால் பேசியது, பால்காரரிடம் "அரை லிட்டர்" என்ற ஒன்றுதான்.

பஞ்சவர்ணம் வேலைக்குப் போகவில்லையாம். பால்காரர் சொன்னார். விண்ணப்பத்தைக் கிழித்து அவர்கள் ஆபீஸ் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தாளாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புப் பெருவிழா. கோயில் வாசலில் இருவர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். படம் இன்னும் வரவில்லை, பேச்சு மட்டும் வந்துவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் படம் போட்டார்கள். முந்நூறு பேராவது இருப்பார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று போனேன். கடைசி வரிசை. என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே கிடந்தன.

திரையில் என் முகம் அவ்வளவு பெரிதாக வந்தபோது எனக்கே யாரோ மாதிரி இருந்தது. திரையில் எண்களைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அங்கங்கே ஒரு குரல் எழும்பி அடங்கும். அந்த வீட்டுப் பெண்கள்.

என்னை அடுத்துப் பஞ்சவர்ணத்தின் முகம் வந்தது. அவளும் பேசியிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "கடைசில அவருக்குச் சட்டப் பித்தானப் போட முடியாது, கை தொங்கிப் போயிரும். சோம்பேறித்தனம் பண்றாருன்னு நெனச்சு ஏசியிருக்கேன். நார்மல்னு சீட்டு இருந்துச்சுல. சிஸ்டர் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அவுகள நான் எங்கூடப் பொறந்தவளாத்தான் நெனச்சேன்."

படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் காளிமுத்து என்னிடம் வந்தார். நடுங்கும் கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தாயி? கம்பெனிக்குத் தெரியாம, என் காதுல மட்டும் ஒரு வார்த்த?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம். பஞ்சவர்ணம். நான்கு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நடுவில் என் ஈரப் புடவை.

"ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"அந்தப் படத்துல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. ஈயத் தூசி வீட்டுப் பொம்பளைகளுக்கும் ஏறும்னு. வயித்துல நிக்காதுன்னு." நிறுத்தினாள். "எனக்கு மூணு போச்சு. அதுவும் இதனாலதானா?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருடமும் பயந்திருந்தேன் என்று அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"உறுதியாச் சொல்ல முடியாது. உனக்கு ரத்தம் எடுத்துப் பாக்கவே இல்ல. ஆனா இதனாலன்னுதான் நான் நெனைக்கிறேன். ரெண்டாவது தடவ நீ வந்தப்பவே நெனச்சேன். அவர் துணியத் துவைக்காத, தனியா வையின்னு சொல்லியிருக்கணும். சொன்னா ஏன்னு கேப்ப. அதான் சொல்லல."

"பேரீச்சம்பழம் தின்னச் சொன்னீங்க."

"ஆமா."

"வாரத்துக்கு ஒரு பாக்கெட்டு வாங்கித் தின்னேன் சிஸ்டர்."

காற்றில் புடவை விலகி அவள் முகம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப வேலை போயிரும்னு சொல்லல, சரி. கம்பெனி மூடுன பெறகு எட்டு வருசம் எங்கூட ஒக்காந்து சீரியல் பாத்தீங்களே. அப்ப என்ன பயம்?"

"சொன்னா நீ வர மாட்ட. நீ வரலைன்னா எனக்கு யாரும் இல்ல."

அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். இதற்கு முன்பு இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

நவம்பர் 15, வெள்ளி

புதுக் கம்பெனிக்கு அனுமதி தரலாமா என்று திண்டுக்கல்லில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரிலிருந்து ஒரு வேன் போனது. என்னை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் என் வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. பஞ்சவர்ணம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நிக்கிறீங்களே, ஏறுங்க. நாங்க போயி என்னத்தச் சொல்ல? நம்பரெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்."

சாதாரணமாக வெயில், மழை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அவள் கடைசி சீட்டில்.

கூட்டத்தில் கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்து, "பொய்ச் சீட்டு எழுதுனதா நீங்களே ஒத்துக்கறீங்க. இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பறது?" என்றார். நியாயமான கேள்விதான். நம்ப வேண்டாம், நான் சொன்னவர்களில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு இன்றைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்கள், அந்த வீட்டுப் பெண்களுக்கும் எடுங்கள் என்றேன். பின்னாலிருந்து பஞ்சவர்ணம், "மொதல்ல எனக்கு எடுங்க" என்று எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு வரிசையாக எழுந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், முடிவு வரும் வரை அனுமதி இல்லை என்று அதிகாரி எழுதிப் படித்தார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கு எதிராகவும் புகார் எழுதியிருக்கிறார்கள். வரட்டும்.

திரும்பும்போது வேன் எங்கள் தெரு முனையில் இறக்கிவிட்டது. இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பத்தடி இடைவெளி. அவள் நின்று எனக்காகக் காத்திருக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. என் முழங்கால் வலி அவளுக்குத் தெரியும். வேகமாக இரண்டு எட்டு வைத்தால் என்னை விட்டு வெகுதூரம் போய்விடக்கூடியவள். வீடு வரைக்கும் அந்தப் பத்தடி பதினோரு அடி ஆகவில்லை.